வாயாடிகளின் இசை

பாச்செப்ரொட் என்பது சுந்தா மொழிச் சொல். இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் மேற்குப் பக்கத்தில் வாழும் சுந்தா மக்கள், ஓயாமல் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பதை அந்தச் சொல்லால் குறிப்பார்கள். நமது வீடுகளில் 'வாயாடி' என்று ஏசும்போது வருகிற அதே தொனிதான். தங்கள் மேல் விழப்போகும் ஏச்சைத் தாங்களே எடுத்துப் பெயராகச் சூட்டிக்கொண்ட மூன்று பெண்பிள்ளைகளைப் பற்றியது இக்கட்டுரை. அவர்களது இசைக்குழுவின் பெயர் 'வொய்ஸ் ஒஃப் பாச்செப்ரொட்'. அவர்கள் வாசிப்பது ஹெவி மெட்டல். மூவரும் ஹிஜாப் அணிந்தே மேடையேறுகிறார்கள்.

பாடுபவரும் கிட்டார் வாசிப்பவரும் ஃபிர்தா மர்ஸ்யா குர்னியா. பேஸ் கிட்டார் விதி ரஹ்மாவதி. ட்ரம்ஸ் எயுஸ் சித்தி ஆயிஷா. இந்தக் கடைசிப் பெயரைப் படித்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. சித்தி பரீதா, சித்தி ஸுபைதா என்று நமது மூத்தவர்களின் பெயர்களில் வருகிற அதே சித்தி! ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரையினர்தாம் நமது நாட்டு மலாய் மக்கள் என்பதை நினைத்தால், காரூட் மாவட்டம் நமக்கு அவ்வளவு தூரமுமில்லை.

மெட்டல் என்றால் என்னவென்று தெரியாமல் இவர்களது கதையைச் சொன்னால் பாதிதான் விளங்கும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு பாடலைப் போட்டதும் உம்மா கேட்டது இதுதான்: "என்ன மகள் இது, இரும்புக் கடையில சண்டையா?" கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு நன்றாகப் பழக்கமான கணக்கொன்று இருக்கிறது.

சுரமானிக் கம்பியை மீட்டினால் அடிப்படை மீடிறனோடு மேற்றொனிகளும் சேர்ந்து பிறக்கும் என்று படிக்கிறோம். மின்கிட்டாரின் சமிக்ஞையை விரியலாக்கிக்குள் அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் அலையின் முடிகளும் தாழிகளும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் மூல ஒலியில் இல்லாத ஏராளமான மேற்றொனிகள் புதிதாகச் சேர்கின்றன. மெட்டல் கிட்டாரின் கரகரப்பு இதுதான். கெட்டுப்போன ஒலிபெருக்கியின் சத்தம் என்று தோன்றுவது, வேண்டுமென்றே அளவோடு கெடுத்த ஒலி. இரண்டாவது விடயம், அவர்கள் பெரும்பாலும் இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து அடிப்பார்கள்; ஸ, ப. இவற்றின் மீடிறன்கள் 2:3 என்ற விகிதத்தில் இருக்கும். கரகரப்பு ஏறிய ஒலியில் இவ்விரண்டின் வித்தியாசமும் ஒரு தொனியாகக் கேட்கும். 3இலிருந்து 2ஐக் கழித்தால் 1. அதாவது யாருமே மீட்டாத, ஸவுக்குக் கீழ் ஸ்தாயியில் உள்ள இன்னொரு ஸ அங்கே ஒலிக்கிறது. நெஞ்சுக்குள் இடிப்பது போன்ற அந்தக் கனம் அங்கிருந்து வருகிறது.

இந்த இசையின் பிறப்பே ஒரு விபத்தோடு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் டோனி ஐயோமி என்ற இளைஞர் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவருக்கு அப்போது வயது பதினேழு. அவர் இடக்கை வாசிப்பவராதலால் கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு திரும்பவும் வாசித்தார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் வலி குறைவதற்காகக் கம்பிகளின் இழுவையையும் தளர்த்தினார். இழுவை குறைந்தால் மீடிறன் குறையும், சுரம் ஆழமாகும். அவரது பிளக் சபத் குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்த 1970ஆம் ஆண்டையே மெட்டல் இசையின் தொடக்கமாகப் பலர் கொள்கிறார்கள்.

அந்த மரத்தில் எத்தனையோ கிளைகள். புரொக்ரெசிவ் மெட்டல் என்பது அவற்றுள் கணக்குப்பிள்ளை. சாதாரணப் பாட்டு நான்கு நான்காக எண்ணிப் போகும். இவர்கள் ஏழு, ஒன்பது என்று எண்ணுவார்கள், ஒரே பாட்டுக்குள் எண்ணிக்கையை மாற்றவும் செய்வார்கள். றபான் தட்டும்போது ஏழாவது தட்டு முடிந்ததுமே அடுத்த சுற்றைத் தொடங்கிப் பாருங்கள், கை எங்கோ வழுக்குவது போல இருக்கும். அந்த வழுக்கலை அழகாக்குவதுதான் அவர்களது வேலை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பேர்க்லி இசைக்கல்லூரியில் படித்த மூன்று மாணவர்கள் 1985இல் தொடங்கிய ட்ரீம் தியேட்டர் இக்கிளையில் பெரிய பெயர். பாச்செப்ரொட் முழுக்க அந்தக் கிளை அல்ல. ஃபங்க்கும் ரெப்பும் கலந்த மெட்டல் என்று சொன்னால் சரியாக இருக்கும். இவர்களுக்கு முதலில் கிடைத்த இசை எதுவோ அதிலிருந்து அது வந்தது.

2014இல் இம்மூவரும் காரூட் மாவட்டத்தில், மலைப்பக்கக் கிராமமான சிங்காஜயாவில், ஓர் இஸ்லாமியப் பாடசாலை மாணவிகள். வயது பதினான்கு அளவில். அங்கே ஆலோசனை ஆசிரியராக இருந்தவர் எர்ஸா. வகுப்பில் அடங்காத, கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிள்ளைகளை முதலில் நாடகத்துக்கும் பிறகு இசைக்கும் திருப்பியவர் அவர்தான். அவருடைய மடிக்கணினியில் இருந்த பாடல்களைக் கேட்டபோதுதான் இவர்கள் 'சிஸ்டம் ஒஃப் அ டவுன்' என்ற குழுவைக் கண்டுபிடித்தார்கள். ஆர்மீனிய வம்சாவளி அமெரிக்கர்களின் குழு அது. கேட்டது 2001இல் வந்த 'டொக்ஸிசிட்டி' தொகுப்பு. கோபத்தை இப்படியும் ஒழுங்காகச் சொல்லலாமா என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நமது பாடசாலைகளில் இப்படியான பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் கடிதம் மட்டுமே என்பதை ஒரு மாணவியாக இங்கே மெதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

எதிர்ப்பும் உடனேயே வந்தது. ஹிஜாப் அணிந்த பிள்ளை இப்படிக் கத்தலாமா, இது ஷைத்தானின் இசையல்லவா என்றார்கள். குழுவைக் கலைக்கச் சொல்லித் தொலைபேசி மிரட்டல்கள் வந்தன. கல்லெறியும் நடந்தது. குடும்பத்தினரும் தொடக்கத்தில் சம்மதிக்கவில்லை.

இந்த இடத்தைத் தாண்டி வேகமாக ஓடிவிட முடியாது, ஏனெனில் நமது வீடுகளிலும் இதே கேள்வி இருக்கிறது. இசைக்கருவிகள் கூடாது என்பது உலமாக்களில் மிகப் பலரின் நிலைப்பாடு. நிபந்தனைகளோடு அனுமதித்தவர்களும் வரலாற்றில் உள்ளனர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் 'ஸமாஃ' எனும் செவியேற்றலைப் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள் என்றால், இது நேற்று முளைத்த விவாதமல்ல. பதினேழு வயதில் பத்வா கொடுக்க நான் வரவில்லை. அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்னோடு படித்த ஒருத்தி வயலினில் அபாரமாக இருந்தாள். பெரிய பிள்ளையானதும் வயலின் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. மார்க்கம் காரணமென்றால் அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் அவளிடம் சொல்லப்பட்ட காரணம், "ஆக்கள் என்ன சொல்லுவாங்க" என்பதுதான். அதே வீட்டில் அவளுடைய நானாவின் கிட்டார் இன்றும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பெற்றோர் எங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

இனிக் குழுவின் வளர்ச்சிக்கு வருவோம். எல்லாக் குழுக்களையும் போல இவர்களும் பிறர் பாடல்களை வாசித்தே கையைப் பழக்கினார்கள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின், மெட்டாலிக்கா, ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸ் போன்றோரின் பாடல்களை இவர்கள் வாசித்த காணொளிகள்தான் உலகம் முழுவதும் பரவின. பிறர் பாடலை வாசிப்பது பார்த்தெழுதுவது அல்ல, எழுத்துப் பயிற்சி போன்றது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மௌனம் வர வேண்டும், ட்ரம்ஸும் பேஸும் எப்படி ஒருவர் மூச்சில் மற்றவர் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் நல்ல பாடல்களிலிருந்தே கற்க முடியும். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் ஊர்க் கல்யாணங்களில் பிறர் பாட்டுப் பாடும் குழுவாகவே முடிந்துபோக வேண்டியதுதான்.

அவர்களது முதல் சொந்தப் பாடலாகிய 'ஸ்கூல் ரெவலூஷன்' 2018இல் வந்தது. பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்கிற கல்விமுறையைப் பற்றியது. என் கணிப்பில் பொருள் அவர்களுடையது, ஓசை இன்னும் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினுடையது. பேசுவது போன்ற வரிகள், அறுத்து அறுத்து வரும் கிட்டார் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது நன்றாகத் தெரிகிறது. அது குறையல்ல, ஒரு கட்டம். 2021இல் வந்த அடுத்த பாடலின் தலைப்பு, 'இறைவா, இசை வாசிக்க என்னை அனுமதி' என்று தமிழில் வரும். தங்களை ஏசியவர்களுக்குப் பதில் சொல்லாமல் அவர்கள் நேரே படைத்தவனிடம் பேசத் தொடங்கிய பாட்டு அது. கோபத்துக்குப் பதிலாக மன்றாட்டு. ஒரு மெட்டல் பாட்டு மன்றாட்டாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி.

அதற்குள் குழு ஜகார்த்தாவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. ரேஜ் குழுவின் கிட்டார் கலைஞர் டொம் மொரெல்லோவே இவர்கள் தமது பாடலை வாசிப்பதைப் பார்த்துப் பாராட்டிப் பகிர்ந்தார்.

2021இன் இறுதியில் முதல் ஐரோப்பியப் பயணம் அமைந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகள் முழுதாக விலகியிராத குளிர்காலத்தில் பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து. 'போராடு, கனவு காண், நம்பு' என்பது அந்தப் பயணத்துக்கு வைத்த பெயர். பிரான்சின் ரென் நகரில் நடக்கும் ட்ரான்ஸ் மியூசிக்கால் விழாவிலும் வாசித்தார்கள்.

பயணம் ஒரு குழுவை என்ன செய்கிறது? இது வெறுமனே ஊர் பார்ப்பது அல்ல. ஓர் ஒத்திகை அறையில் நூறு முறை சரியாக வாசித்த பாட்டு, தெரியாத மண்டபத்தில் வேறு பாட்டாகிவிடும். கூரை உயரமென்றால் ட்ரம்ஸின் ஓசை சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வரும். அந்த எதிரொலியைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்னால் இழுபடும். மேடையில் தன் குரல் தனக்கே கேட்காது. விழாக்களில் முந்தைய குழு இறங்கியதும் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டிச் சரிபார்க்க வேண்டும். அதிலும் இவர்கள் மூன்றே பேர். பெரும்பாலான மெட்டல் குழுக்களில் இரண்டு கிட்டார் இருக்கும்; ஒருவர் தனி வாசிப்புக்குப் போனால் மற்றவர் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்வார். இங்கே மர்ஸ்யா தனி வாசிப்புக்குப் போகும் கணத்தில் கீழே தரையே இல்லை. அந்த வெற்றிடத்தை விதியின் பேஸ் மட்டுமே நிரப்ப வேண்டும். கட்டைவிரலால் கம்பியை அடித்து, மற்ற விரலால் கொக்கிபோல இழுத்துவிடும் ஃபங்க் முறையில் அவர் வாசிப்பது அழகுக்காக மட்டும் அல்ல. அடிப்பது தாளமாகவும் இழுப்பது சுரமாகவும் கேட்பதால் ஒருவர் இருவராகிறார். இது எழுதிவைத்துப் படிக்கிற பாடமல்ல. ஒவ்வொரு இரவும் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் நின்று பழகுவதால் கை தானாகக் கற்றுக்கொள்கிறது.

சபையும் ஆசிரியர்தான். சுந்தா மொழியோ இந்தோனேசிய மொழியோ தெரியாத கூட்டத்தின் முன்னால் வரிகளின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது இசை மட்டும் தனியே நிற்கிறதா என்பது தெரிந்துபோகும். எந்த இடத்தில் கூட்டம் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குகிறதோ அந்த இடத்தை ஊருக்குப் போய் வெட்டித் திருத்த வேண்டும்.

2022 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினத்தன்று, 'பொதுச்சொத்து அல்ல' என்ற பொருள்படும் பாடலை வெளியிட்டார்கள். பெண்ணின் உடல் யார் வேண்டுமானாலும் தொடவும் தீர்ப்புச் சொல்லவும் கூடிய பொதுச்சொத்து அல்ல என்பது அதன் பொருள். நெரிசலான பஸ்ஸில் டியூஷனுக்குப் போய்வருகிற எந்தப் பிள்ளைக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் ஜேர்மனியின் வாக்கன் விழா. சுமார் 2000 பேர் மட்டும் வாழும் அந்த வடக்குக் கிராமத்தில் 1990 முதல் நடக்கிறது. விழா நாட்களில் 70,000 பேருக்கும் மேல் கூடுகிறார்கள். மெட்டல் கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய சபை அரிது. அங்கே வருகிறவர்களுக்கு இந்த இசை நன்றாகத் தெரியும் என்பதால், மூன்று ஹிஜாப் பிள்ளைகள் என்ற வியப்பு இரண்டு பாட்டுக்குமேல் தாங்காது. பிறகு வாசிப்புத்தான் பேச வேண்டும்.

2023 ஜூலையில் முதல் முழுத் தொகுப்பு 'ரெத்தாஸ்' வெளியானது. தையலைப் பிரிப்பது போல உடைத்துத் திறப்பது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். தொடங்கி ஒன்பது வருடங்களுக்குப் பிறகு முதல் தொகுப்பு! இந்தத் தாமதத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. முன்பு தனித்தனியாக வந்த பாடல்கள் பலவும் அதில் இருக்கின்றன. ஆகவே அவர்கள் வளர்ந்த வரிசையை ஒரே இருப்பில் கேட்க முடிகிறது. எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சில பாடல்களில் சொல்ல வந்தது இசையைவிட முன்னால் ஓடுகிறது, பேச்சுப்போட்டி மாதிரி. ஆனால் 'பி.எம்.எஸ்.' என்ற பாடல் அப்படியல்ல. 'முழுமையாக விடுதலை பெற்ற பெண்' என்ற கருத்துள்ள மூன்று இந்தோனேசியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. தாய்மொழியின் ஒலிகள் தாளத்தில் இயல்பாக விழுவதனாலோ என்னவோ, ஆங்கிலப் பாடல்களில் இல்லாத ஓர் உறுதி அதில் கேட்கிறது. தமிழில் எழுதலாமா ஆங்கிலத்தில் எழுதலாமா என்று யோசிக்கிற எனது வகுப்புத் தோழிகள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தொகுப்பு வந்த கையோடு ஓகஸ்டில் அமெரிக்கப் பயணம். 2024 ஜூன் 28ஆம் திகதி இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார்கள். 1970இல் ஒரு பால்பண்ணையில் தொடங்கி இன்று இரண்டு இலட்சம் பேரளவில் கூடுகிற அந்த விழாவில் வாசித்த முதலாவது இந்தோனேசியக் குழு இவர்களே.

மேற்குலகப் பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் தலைப்பிலேயே ஹிஜாப் வந்துவிடுகிறது. நானும் முதல் பந்தியிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் வாசிக்கிற நமக்கு அது முக்கியம். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே கேட்பது, "இதை அணிந்துகொண்டும் இப்படி வாசிக்கிறார்களா?" என்று. ஊரில் கேட்பது, "இப்படி வாசித்துக்கொண்டு இதை அணியலாமா?" என்று. இரண்டு கேள்விகளிலும் சித்தி ஆயிஷாவின் இரண்டு கால்களும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நான்கு வேறு வேலைகளைப் பிழையில்லாமல் செய்துகொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. தங்களது இசையைவிடத் தலைத்துணியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள் என்று அவர்களே பேட்டிகளில் சலித்துச் சொல்லியிருக்கிறார்கள். விஞ்ஞானப் போட்டியில் பரிசு வாங்கிய நமது பிள்ளையின் படத்தைப் போட்டு 'முஸ்லிம் மாணவி சாதனை' என்று மட்டும் எழுதிவிட்டு, அவள் என்ன கண்டுபிடித்தாள் என்பதை விட்டுவிடுகிற செய்திகளை நாமும் வாசித்திருக்கிறோம்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2018இன் 'ஸ்கூல் ரெவலூஷனை' முதலில் கேளுங்கள், அடுத்து 2021இன் மன்றாட்டு, பின் 'பி.எம்.எஸ்.', கடைசியாகப் பயணங்களில் எடுக்கப்பட்ட மேடைக் காணொளி ஒன்று. முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். காதொலிப்பானில் கேட்பதானால் ஒலியளவைப் பாதிக்குமேல் ஏற்ற வேண்டாம். இந்த இசைக்கு மெதுவாகக் கேட்டாலும் கனம் குறையாது, மீடிறன்களின் 2:3 விகிதம் ஒலியளவோடு மாறுவதில்லை. வாப்பா ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த ட்ரம் அடிக்கிற புள்ள எத்தின மணித்தியாலம் பழகுறாளாம்?" என்று மட்டும் கேட்டார். உம்மாவுக்கு இன்னும் அது இரும்புக் கடைதான்.